புறா ரத்தம் தடவினால் கை கால் வருமா?

கேள்வி

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாற்பது நாளாகிறது. இடது கையும் காலும் வரவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, பிசியோதெரபி செய்யுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் புறா ரத்தத்தைச் சூட்டோடு தடவச் சொல்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சயின்ஸ் பாடம் வேண்டாம், அனுபவம் போதும்.

2023 செப்டம்பர் 3, இரவு

நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். மூன்று புறா வாங்கினோம். இரண்டின் ரத்தம் அப்பாவின் வலது கையிலும் காலிலும் போனது. ஒன்று இன்னும் எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. என் பையன் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டான்.

கால் வந்ததா என்றால், வந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து வாசல் வரை நடக்கிறார். புறாவால் வந்ததா என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. புறாவைக் கொண்டுவந்த அத்தைக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். 2015-இல் ஓய்வு பெற்றார். நாங்கள் விருதுநகர். இந்தப் பிப்ரவரியில் ஒரு விடிகாலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வாய் கோணியிருந்தது. வாயு பிடித்துக்கொண்டது என்று அம்மா கால் தேய்த்தாள், நான் சுடுதண்ணி வைத்தேன். உள்ளூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை, ஸ்கேன் முடிந்தபோது ஏழு மணி நேரம் ஓடியிருந்தது. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அந்தச் சுடுதண்ணி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2023 செப்டம்பர் 4, காலை

நேற்று பாதியில் தூங்கிவிட்டேன். புறா விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் அருப்புக்கோட்டை அத்தை மஞ்சள் பையில் மூன்று புறாக்களோடு வந்து இறங்கினார். அறுத்ததும் ஆறுவதற்குள் பாதத்திலிருந்து மேல்நோக்கித் தேய்க்க வேண்டும், துணி சுற்றிக் காயும் வரை விட வேண்டும், கறியை மிளகு போட்டு ரசமாக வைத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் முறை. புறா சூடு, வாதம் குளிர்ச்சி, சூடு குளிர்ச்சியை விரட்டும் என்பது கணக்கு. அத்தை சொல்லும்போது கேட்க நன்றாகவே இருந்தது. நரம்பு கெட்டது காலில் இல்லை, மூளையின் இடது பக்கத்தில் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு வாயில் வரவில்லை. ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள்தான் நானும்.

ரத்தத்தால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. எறும்பு வந்தது, போர்வையில் வாடை மூன்று துவைப்புக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கெடுத்தது ரசம். அப்பாவுக்குப் பாதித் தொண்டை வேலை செய்யவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை. இட்லியை மசித்துக் கொடுத்தால் இறங்கும், தண்ணியாக எது கொடுத்தாலும் இருமுவார். அத்தை அன்போடு ஒரு டம்ளர் முழுக்க ஊற்றினார். மறுநாள் காய்ச்சல், அதற்கு மறுநாள் மூச்சு வாங்கல். ரசம் நுரையீரலுக்குள் போய் நிமோனியா. ஐந்து நாள் மறுபடி ஆஸ்பத்திரி.

2023 செப்டம்பர் 4, மதியம்

கேள்வி கேட்டவருக்கு: சயின்ஸ் வேண்டாம் என்றீர்கள், சரி. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தண்ணி குடித்தால் உங்கள் அம்மாவுக்கு இருமல் வருகிறதா? குடித்த பிறகு குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்கிறதா? வந்தால் புறாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எதையும் ஊட்ட வேண்டாம். நேராக உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, கஞ்சிப் பதத்தில் சின்ன ஸ்பூன்.

2023 செப்டம்பர் 9

"படித்தவர்களே இப்படியா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், இப்படித்தான். டாக்டர் எங்களோடு பேசியது வார்டில் நாலு நிமிஷம். அத்தை எங்களோடு பேசியது நாலு நாள். ஆஸ்பத்திரியில் "செய்வதற்கு இனி ஒன்றுமில்லை, காலம்தான்" என்றார்கள். ஒன்றும் செய்யாமல் ஒரு வீட்டில் எத்தனை நாள் உட்கார முடியும்? கறி வாங்கு, அரை, தேய், கட்டு, கழுவு என்று சொன்னவரிடம் போய்விட்டோம்.

புறாவுக்கு முன்னால் எண்ணெய் தேய்க்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அப்பாவின் வலது கையை மாட்டுக் கயிறு மாதிரி இழுப்பார். பத்து நாளில் தோள்பட்டை இறங்கிவிட்டது. எலும்புக்கும் குழிக்கும் நடுவில் ஒரு விரல் வைக்கலாம். ராத்திரி முழுக்க வலி. அந்த ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் சும்மா விடமாட்டேன்.

2023 செப்டம்பர் 10

எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். ஆனால் இதுதான் முக்கியம்.

ஏப்ரலில் ஒரு பச்சிலை வைத்தியரிடம் போனோம். ஊர் பெயர் வேண்டாம். வெளியே ஆட்டோ வரிசை, ஓலைப் பந்தல், நாற்பது ஐம்பது பேர், எல்லோர் வாயும் ஒரு பக்கம். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இத்தனை பேர் வருகிறார்களே! எனக்கு அங்கே வேறொன்று தோன்றியது. குணமானவன் எதற்கு வரிசையில் நிற்கிறான்?

மூக்கில் சாறு விட்டார். அது எரிச்சலோடு போயிற்று. ஆனால் கிளம்பும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்கிலீஷ் மாத்திரை உடம்பில் இருக்கிற வரைக்கும் என் மருந்து பிடிக்காது" என்றிருக்கிறார். அம்மா என்னிடம் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இரண்டையும் ஒன்பது நாள் டப்பாவிலிருந்து எடுத்துப் பூஜை அலமாரியில் போட்டு வைத்திருக்கிறாள். டப்பா காலியாவதைப் பார்த்து நானும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் ஆரம்பித்தார்களே, அதில் வரும் தன்னார்வலர் அக்கா வழக்கம்போல வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தார். 190-க்கு 110. மெஷின் கோளாறு என்று மறுபடி பார்த்தார். அதே 190. அப்போதுதான் அம்மா அழுதுகொண்டே அலமாரியைத் திறந்தாள்.

அன்றைக்கு அம்மாவை நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அப்பாவுக்குக் கேட்கிற தூரத்தில் பேசினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2023 செப்டம்பர் 17

கேரளாவில் கோட்டக்கல் ஆயுர்வேத வைத்தியசாலைக்கு ஏன் போகவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1902-இல் பி.எஸ். வாரியர் தொடங்கிய இடம், பிழிச்சில், நவரக்கிழி என்று எண்ணெய், ஒத்தட வைத்தியமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். செலவுக்குத்தான் போகவில்லை. அதற்குப் பதில் குமரி மாவட்டத்தில் ஒரு வர்ம ஆசானிடம் இருபத்தோரு நாள் தங்கினோம். வர்மம் என்கிற உடம்புப் புள்ளிகளில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் ராத்திரி தன் உடம்பிலேயே தேடிப் பார்த்து, பதினொன்றில் தூங்கிவிட்டார்.

அந்த ஆசானைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம்தான், பச்சிலைக்காரரோடு சேர்த்துப் பேச மாட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" இரண்டாவது, "மலச்சிக்கல் இருக்கா?" ஆஸ்பத்திரியில் இரண்டாவதை ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பா இரண்டு மாசமாக அதில் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார், சொல்ல வாய் இல்லை.

அப்பாவிடம் நேராகப் பேசுவார். "அண்ணாச்சி, இப்ப வலது முட்டியத் தொடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். நாங்கள் எல்லோரும் அப்பா தலைக்கு மேலேயே அவரைப் பற்றிப் பேசிப் பழகியிருந்தோம். அங்கே பதினாறாவது நாள் கால் கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்தேன்.

ஒரு விஷயம் மட்டும். ஆசான் கொடுத்த கறுப்பு லேகியத்தில் என்ன இருக்கிறது என்று சீட்டில் எழுதவில்லை, கேட்டதற்கு "மூலிகை" என்றார். 2008-இல் அமெரிக்காவில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்று இருந்தது என்று தம்பி கட்டுரை அனுப்பினான். ஆசானிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊருக்கு வந்து ஜாடியை அப்படியே வைத்துவிட்டோம். திறக்கவும் இல்லை, கொட்டவும் மனசில்லை.

2023 செப்டம்பர் 18

திருத்தம். 9-ஆம் தேதி எண்ணெய்க்காரரைத் திட்டி எழுதினேன். இன்றைக்குப் பிசியோதெரபி பெண்ணிடம் (அவரும் அரசுத் திட்டத்தில்தான் வருகிறார், வயது என் பாதி) தோள் கதையைச் சொன்னேன். "கட்டிலிலிருந்து அப்பாவை எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். நானும் அம்மாவும் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிக் காட்டினோம். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

செயலிழந்த கையில் தோளைப் பிடித்து வைக்கச் சதையில் பலம் கிடையாது. அக்குளில் கொடுத்துத் தூக்கினாலும் இறங்கும், கை தொங்கிக்கொண்டே இருந்தாலும் இறங்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வீதம் அந்த வேலையை நாங்கள்தான் செய்திருக்கிறோம். எண்ணெய்க்காரர் பங்கு எவ்வளவு, எங்கள் பங்கு எவ்வளவு என்று இனி யாரும் பிரிக்க முடியாது. இடுப்பில் அகலமான துணியைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். உட்காரும்போது கைக்கடியில் தலையணை.

ஒத்தடமும் ஜாக்கிரதை. மரத்த கால் என்றதும் செங்கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தோம். சுடுகிறது என்று சொல்ல அவருக்கு உணர்ச்சியும் இல்லை, வார்த்தையும் இல்லை. கொப்புளம் ஆற ஒரு மாசம்.

2023 அக்டோபர் 2

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். பக்கத்தில் இல்லாதவனுக்குக் குற்ற உணர்வு அதிகம், அதனால் அவன் தேடும் வைத்தியத்துக்கு விலையும் அதிகம். ஸ்டெம் செல். ஒரு தனியார் மையத்திலிருந்து பெண் ஒருவர் வீடியோ காலில் வந்தார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஊசி. நாலரை லட்சம். "மூளை புதுசா முளைக்கும் சார்" என்றார். தம்பி பாதிப் பணம் அனுப்பத் தயார்.

நான் தேட ஆரம்பித்தேன். இந்தியாவிலேயே ஐந்து மருத்துவமனைகளில் 120 பேருக்கு இதைச் செய்து பார்த்து 2014-இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஊசி முதுகில் இல்லை, ரத்தக் குழாயில். பக்கவாதம் வந்து சில வாரமே ஆனவர்கள். ஆபத்தில்லை, ஆனால் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டியில் இன்னும் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், காசு வாங்கி வைத்தியமாகச் செய்யக்கூடாது.

அடுத்த காலில் அந்தப் பெண்ணிடம், "இது ஆராய்ச்சியா, வைத்தியமா?" என்று கேட்டேன். "மேடம், ரிப்போர்ட் அனுப்பறேன்" என்றார். வரவில்லை. தம்பி என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. நான் அப்பாவின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனாம். அத்தையின் புறாவைக் கிண்டல் செய்தவன் அவன்தான். புறாவுக்கு ஆயிரத்துக்குள் முடிந்தது.

2023 அக்டோபர் 5

பேச்சு பற்றிக் கேட்டவருக்கு. உங்கள் அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்திருந்தால் பேச்சு பெரும்பாலும் தப்பித்திருக்கும். அப்பாவுக்கு வலது பக்கம், அதனால் பேச்சும் போனது.

முதல் இரண்டு மாசம் ஒரே வார்த்தை. "ரைட்." பசிக்கிறதா, ரைட். வலிக்கிறதா, ரைட். அம்மா பெயர் என்ன, ரைட். முப்பது வருஷம் சொன்ன வார்த்தை மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. 1861-இல் பாரிஸில் புரோகா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கும் "டான்" என்று ஒரு சொல்தான் மிச்சமாம். அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது இடது பக்கத்தின் முன்பகுதி கெட்டிருந்ததாம். எங்கள் டான் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் ரைட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மே மாசம் என் பையன் ஏதோ விளையாட்டாக, "தாத்தா, மதுரை" என்றான். அப்பா உடனே, "திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி" என்றார். தடுமாற்றமே இல்லை, ராகத்தோடு. அம்மா கையிலிருந்த கரண்டியோடு ஓடிவந்தாள். "சாத்தூர்னு தனியா சொல்லுங்க" என்றேன். வரவில்லை. ரைட்.

மதுரையில் பேச்சுப் பயிற்சியாளரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வரிசையாக மனப்பாடமானவை, எண்ணிக்கை, கிழமை, ஜெபம், வசவு, பாட்டு எல்லாம் வேறு பாதையில் வரும், அதில் ஏறிக்கொண்டு நடுவில் இறங்கப் பழக வேண்டும் என்றார். பாட்டு ராகத்தில் பேச்சைக் கொண்டுவரும் முறையே 1973-இலிருந்து இருக்கிறதாம். நாங்கள் பாட்டுக்குப் பதில் ரூட் எடுத்துக்கொண்டோம். "மதுரை, திருமங்கலம், கள்ளிக்குடி, விருது..." என்று நிறுத்துவோம். அவர் "நகர்" என்பார். அப்புறம் விருதுநகர் மட்டும். அந்த ஒரு ஊர் தனியாக வர ஏழு வாரம். இதைத்தான் நீங்கள் முதலில் கேட்ட "அனுபவம்" என்று சொல்வேன், புறாவை இல்லை.

வசவு என்றேனே, அதுவும் வந்தது. சில்லறை தராத பயணியைத் திட்டும் வார்த்தை. எழுத மாட்டேன்.

2023 அக்டோபர் 29

கண்ணாடி. இதையும் ஊரில் சூனியம் என்றுதான் சொன்னார்கள்.

செயலிழந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் வைத்து அசைத்தால், இரண்டு கையும் அசைவதாகக் கண் நம்பும். நம்ம ஊரில் பிறந்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுத்துவிட்ட, இல்லாத கையில் வலி என்பவர்களுக்காகச் செய்த யோசனை. 1999-இல் அவரும் சேர்ந்து ஒன்பது பக்கவாத நோயாளிகளுக்குச் செய்து பார்த்து எழுதினார். அதன் பிறகு நிறைய ஆய்வுகள் வந்து, ஓரளவு பயன் உண்டு என்றிருக்கிறார்கள். ஓரளவுதான், கவனிக்கவும். செலவு பீரோக் கண்ணாடி.

முதல் நாள் அப்பா கையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, எட்டு மாசத்துக்கு அப்புறம், இடது கையால் மீசையை ஒதுக்கினார். அம்மா, "இதுக்குத்தானா இவ்வளவு" என்றாள். ஆனால் அன்றைக்கு அவளும் பூ வைத்துக்கொண்டாள்.

கை வந்ததா? பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்கிறது. காசைக் கிள்ளி எடுக்கலாம். கண்ணாடியாலா, பிசியோவாலா, நாள் ஆனதாலா?

2023 நவம்பர் 14

தீபாவளிக்கு அத்தை வந்திருந்தார். மாடிக்குப் போய்ப் புறாவைப் பார்த்துவிட்டு, "பாதி வைத்தியத்துல விட்டா பாதிதான் வரும்" என்றார். என் பையன், "நான்தான் ஒளிச்சு வெச்சேன் பாட்டி" என்றான் பெருமையாக.

அப்போதுதான் அம்மா குறுக்கே வந்தாள். இவன் ஒளிக்கவே இல்லையாம். மூன்றாவது புறாவைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்தபோது அப்பா சத்தமாக "ஹோல்டான்" என்றாராம். பஸ்ஸை நிறுத்தும் சத்தம். அத்தை கை அப்படியே நின்றதாம். அத்தை, அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, அன்றைக்கு அமாவாசை என்பதால்தான் தானே நிறுத்தியதாகச் சொல்கிறார். அமாவாசை இல்லை, நான் காலண்டர் பார்த்துவிட்டேன். பையன் அழுதுவிட்டான்.

நான் அந்த நேரம் வேலைக்குப் போயிருந்தேன். முதல் குறிப்பில் பையன் ஒளித்தான் என்று எழுதியது அவன் சொன்னதை வைத்து. அப்படியானால் "ரைட்" தவிர இன்னொரு வார்த்தை மார்ச்சிலேயே வந்திருக்கிறது, நாங்கள்தான் பிடிக்கவில்லை. அப்பாவிடம் கேட்டோம். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ரைட்" என்றார்.

2024 ஜனவரி 20

யாருக்குப் பேர் என்று நாங்கள் அடித்துக்கொள்வது புறா விஷயத்தில் மட்டும் இல்லை. கால் கட்டைவிரல் அசைந்தது ஆசானிடம் என்று செப்டம்பரில் எழுதினேன். தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பக்கவாதம் வந்து பதினோராவது வாரம். மூளை தானாகத் தேறுவதில் பெரும்பங்கு முதல் மூன்று மாசத்தில் நடந்துவிடும் என்கிறார்கள். அந்த நேரத்தில் கட்டில் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்குப் பேர். அத்தை நின்றிருந்தால் புறா, ஆசான் நின்றதால் வர்மம். எதிர்த்தெருவில் இதே பக்கவாதம் வந்த சோடாக்கடைக்காரருக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. நான்காவது மாசம் கடைக்கு வந்துவிட்டார்.

இதை எழுதி அத்தையை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அப்புறம் ஒன்று படித்தேன். 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, முழுக்க இந்தியாவில் செய்த ஆய்வு. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். பாதிப் பேரின் குடும்பத்தாருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே பயிற்சி செய்ய வைத்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்ப்பவர்களும் சேர்த்து இரண்டு பக்கமும் 47 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புறாவைப் பார்த்துச் சிரித்தேன், ஸ்டெம் செல்லைத் துரத்தினேன். நாங்கள் காலையும் மாலையும் செய்ததும் அதே கணக்கில் போகிறதா?

பிசியோதெரபி பெண்ணிடம் காட்டினேன். "அக்கா, சராசரியில உங்க அப்பா எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. நாலு நாள் சொல்லிக் கொடுத்துட்டு விட்டா பத்தாது, அதுதான் இதுல எனக்குத் தெரியுது" என்றார். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1966-லேயே இந்த மறுவாழ்வுப் பயிற்சிக்கென்று தனி மையம் திறந்த கதையையும் சொன்னார். தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்தவர். அங்கே உள்நோயாளியாகப் படுக்க வைத்து, வாரக்கணக்கில், முழுநேரமும் செய்வார்கள். எங்கள் வீட்டில் நடப்பது ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷம், அதுவும் சீரியல் விளம்பரத்துக்கு நடுவில்.

சமாதானம் ஆகவில்லை. ஆனால் மறுநாள் ஆறரைக்குப் பாயை விரித்துவிட்டேன்.

2024 ஜனவரி 21

"அப்படியானால் எதுவுமே செய்ய வேண்டாமா" என்கிறார் ஒருவர். நான் அப்படிச் சொல்லவே இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் போகாதீர்கள். வாய்வழி தண்ணியாகக் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். மரத்த இடத்தில் சூடு வைக்காதீர்கள், கையை இழுக்க விடாதீர்கள், மொத்தப் பணத்தையும் முதலில் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மற்றபடி வேப்பிலை அடிக்கிறார்களா, அடிக்கட்டும். அதில் அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது.

2024 ஆகஸ்ட் 11

யாரோ இழையை மேலே தூக்கியிருக்கிறார்கள். கேள்வி கேட்டவரின் அம்மா கைத்தடியோடு நடக்கிறார் என்று படித்தேன். புறா தடவினீர்களா இல்லையா என்று மட்டும் கடைசி வரை சொல்லவே இல்லை நீங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம். போன வருஷம் அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கை கால் உருவம் வாங்கிப் போடுவதாக வேண்டியிருந்தாள். ஆடி கடைசி வெள்ளிக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று நேற்றுப் பஸ்ஸில் போனோம், காரில் இல்லை. அப்பா பஸ்தான் என்று பிடிவாதம். படியில் ஏற்ற ஐந்து நிமிஷம் ஆனது. கண்டக்டர் பையன் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி நாங்கள் சொன்னதும் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கொடுத்தான்.

சாத்தூரில் இறங்க வேண்டும். நான் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது அப்பா எங்கள் இருவரையும் பார்த்து, "சாத்தூர்" என்றார். முன்னால் திருமங்கலமும் இல்லை, பின்னால் கோவில்பட்டியும் இல்லை. அம்மா அதை மாரியம்மன் கணக்கில் எழுதிவிட்டாள். கோவிலுக்குப் போவதற்கு முன்னாலேயே வந்த வார்த்தை அது என்று சொன்னேன். கிளம்பிவிட்டோமே, மாரியம்மனுக்குத் தெரியாதா என்றாள்.

பயிற்சிக்கு இப்போது அப்பாவின் பழைய தோல் பையைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து என்று வலது கையால் பிரித்துப் போடுவார். நேற்றிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசு குறைகிறது. அப்பா பையன் சட்டைப் பையைக் காட்டுகிறார், பையன் புறாவைக் காட்டுகிறான். கட்டிலுக்கு அடியில் இன்னும் தேடவில்லை.